வழக்காடிய விசுவாசம்

ஜோய் டேவிட்மன் என்னும் பெயரை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அச்சிலரும் ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸின் மனைவியார் என்ற அளவில் அறிந்து அமைவர். 1993 இல் வெளிவந்த 'ஷடோலான்ட்ஸ்' என்னும் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கோ அவர் நோய்ப்படுக்கையிற் கிடந்து கணவரின் மனத்தை உருக்கி மறைந்த ஒரு பெண்மணி. அம்மையாரின் புதல்வர் இருவரையும் ஒருவராக்கிக் காட்டிய அப்படம் அவருடைய கல்வியையும் கவிதையையும் நாக்கின் கூர்மையையும் சுருக்கிவிட்டதில் வியப்பொன்றும் இல்லை. அவருடைய கடிதங்கள் 2009 இல் ஒரு பெருந்தொகுதியாக அச்சேறின. அத்தொகுதியினூடே எழுந்து வருபவர் முற்றிலும் வேறொருவர். புற்றுநோயோடு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்த அவர், தம் விசுவாசத்தை ஒரு போர்வையாக இழுத்து மூடிக்கொண்டு கிடந்தவர் அல்லர். அதனோடு வழக்காடினார். அவ்வழக்கின் கதையையே இங்கு எழுத விழைகின்றேன்.

அவர் 1915 ஏப்பிரில் 18 ஆம் நாள் நியூயோர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தவர். தந்தையார் கல்வித்துறையிற் பணிபுரிந்தவர், கடவுள் நம்பிக்கையை உதறியவர், கண்டிப்பு மிக்கவர். மகளும் சிறுவயதிலேயே தம்மை நாத்திகர் எனச் சொல்லிக்கொண்டார். பத்தொன்பது வயதில் ஹண்டர் கல்லூரியிற் பட்டம். மறு ஆண்டு கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம். சிறிது காலம் பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தார். 'ஒரு தோழனுக்குக் கடிதம்' என்னும் கவிதைத் தொகுதி யேல் பல்கலைக்கழகம் இளங்கவிஞருக்கு வழங்கும் பரிசை வென்று 1938 இல் வெளிவந்தது. அக்காலத்திலேயே கொம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்து அதன் பத்திரிகைக்குக் கவிதையும் விமரிசனமும் எழுதினார். 1942 இல் வில்லியம் கிரெஷம் என்னும் நாவலாசிரியரை மணந்தார். 1944 இலும் 1945 இலும் இரு ஆண்மக்கள் பிறந்தனர்.

1946 இன் இளவேனிற் காலத்தில் ஒருநாள் கணவர் தொலைபேசியில் அழைத்தார். தமக்குச் சித்தம் கலங்குகிறது என்றும் வீட்டுக்கு வர இயலாது என்றும் சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அம்மையார் இருந்த வீட்டில் இரு குழந்தைகளும் உறங்கிக்கொண்டிருந்தன. செய்வதறியாது நின்ற அந்த இரவில், அறையினுள் மற்றொருவர் இருப்பதை உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். அவ்வுணர்வு நீடித்தது அரை நிமிடந்தான் என்றும் அவரே கணக்குச் சொன்னார். அரை நிமிடத்துக்குமேல் ஒரு கணமும் கூட்டிச் சொல்லாத இந்த நேர்மை எனக்குப் பிடிக்கின்றது. பக்தி எழுதப் புகுவோர் பலரிடம் இதனைக் காண்பது அரிது.

பிறகு ஓராண்டு ஈராண்டு அவர் படித்துக்கொண்டே இருந்தார். படித்தவற்றுள் லூயிஸின் நூல்களும் இருந்தன. 1948 இல் தம் பிள்ளைகளோடு பிரெஸ்பிற்றீரியன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். 1950 இல் லூயிஸுக்கு முதற் கடிதம் எழுதினார். கிறிஸ்தவராயினமையால் தம் யூதப் பிறப்பை அவர் கைவிட்டதாகக் கருதவில்லை. மோசேயிடமே திரும்பி வந்து, பத்துக் கட்டளைகளுக்கு ஒரு விளக்கம் எழுதினார். சஞ்சிகையில் தொடர்ந்து வந்த அக்கட்டுரைகள் 'மலையின்மேற் புகை' என்னும் பெயரில் 1954 இல் நூலாயின. ஆங்கிலநாட்டுப் பதிப்புக்கு லூயிஸ் முன்னுரை வழங்கினார்.

அந்நூலின் உயிர்நாடி அச்சத்தைப் பற்றியது. இக்கால மனிதன் செய்யும் பாவங்களிற் பெரும்பாலன அச்சத்திலிருந்தே முளைக்கின்றன என்பது அவர் கொள்கை. கடவுளிடம் பாதுகாப்பை மட்டும் தேடிப் போகின்றவன் அன்பைத் தேடவில்லை, ஒளிந்துகொள்ள ஓரிடத்தையே தேடுகின்றான் என்பது போன்ற வாதம் நூல் முழுவதும் ஊடுருவி நிற்கின்றது. நடையில் அங்கதம் மிகுதி. சிலவிடத்து மிகையாகவும் தோன்றும். எழுதும்போது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை. உடலில் வலி வந்து இந்த வாதத்தைச் சோதிக்கும் காலம் அருகில் இருந்தது என்பதை அவர் அறியார்.

இடைப்பட்ட காலத்தை விரைந்து சொல்லலாம். 1952 இல் இங்கிலாந்து சென்று லூயிஸைச் சந்தித்தார். அமெரிக்கா மீண்டபோது கணவரின் உள்ளம் வேறொரு பெண்ணிடம் போய்விட்டதைக் கண்டார். 1953 இன் இறுதியிற் பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்கே குடிவந்தார். 1954 இல் மணமுறிவு. 1955 இல் ஒக்ஸ்போர்ட்டின் புறநகராகிய ஹெடிங்டனில் வீடு. லூயிஸின் நண்பர் சிலருக்கு அவரைப் பிடிக்கவில்லை. உரத்துப் பேசும் அமெரிக்கப் பெண் என்று முகஞ் சுளித்தனர். லூயிஸோ தம்மோடு சரிக்குச் சரி தர்க்கம் புரியக்கூடிய ஒருவரை அவரிடம் கண்டார். 1956 இல் வெளியான லூயிஸின் நாவல், அம்மையாரோடு பேசிப் பேசி உருவாகி, அவருக்கே காணிக்கையாக்கப்பட்டது. அவ்வாண்டு அவரது வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அரசு மறுத்தமையால், ஏப்பிரில் 23 ஆம் நாள் இருவரும் பதிவுத் திருமணம் செய்தனர். அது குடியுரிமையின் பொருட்டுச் செய்த உதவி. திருமணமாக அதனை இருவருமே அன்று எண்ணவில்லை.

காலில் நோவு பல நாள்களாக இருந்து வந்தது. வாதநோய் என்று சொல்லப்பட்டிருந்தது. 1956 ஒக்டோபர் 18 ஆம் நாள் மாலை வீட்டினுள் நடந்தவர் தொலைபேசிக் கம்பியில் இடறி விழுந்தார். இடத்தொடை என்பு முறிந்தது. அந்நேரத்தில் அவருடைய தோழியும் இறையியலறிஞர் ஒஸ்டின் பாரரின் மனைவியாருமான கதரின், ஏதோ தீங்கு நேர்ந்ததென்று மனம் துணுக்குற்று அதே தொலைபேசிக்கு அழைத்துக்கொண்டிருந்தார் என்பர். வைத்தியசாலையில் எடுத்த எக்ஸ்கதிர்ப் படம் உண்மையைக் காட்டியது. தொடை என்பு உள்ளே அரிக்கப்பட்டிருந்தது. மார்பிலே தோன்றிய புற்று என்புகளுக்குப் பரவிவிட்டது. பிள்ளைகளுக்கு வயது பன்னிரண்டும் பத்தும்.

அக்காலத்துச் சிகிச்சையைப் பற்றிச் சில சொற் சொல்லவேண்டும். மார்பிலிருந்த கட்டியை அகற்றினர். என்பைப் பொருத்தினர். சூலகங்களையும் எடுத்துவிட்டனர். மார்புப் புற்றுக்குச் சூலகத்தை ஏன் எடுக்கவேண்டும் என வாசகர் வினவலாம். சூலகம் சுரக்கும் ஓமோன் சிலவகை மார்புப் புற்றுகளை ஊட்டி வளர்க்கும். ஊற்றை அடைத்தால் பயிர் வாடும் என்பதே இதன் தத்துவம். கிளாஸ்கோ நகரத்துச் சத்திரவைத்தியர் ஜோர்ஜ் பீற்சன் 1896 இலேயே இதனைச் செய்து பயன் கண்டு எழுதியிருந்தார். இன்று அவ்வேலையை மாத்திரைகள் செய்கின்றன. அன்று கத்திதான் செய்தது. அதன்மேற் கதிர்ச்சிகிச்சை. அதன் களைப்பும் குமட்டலும், மாதக்கணக்காக அசையாது கிடத்தலும் வேறு.

கடிதங்கள் இவ்விடத்தில் ஒரே சுருதியில் ஒலிக்கவில்லை. அதுவே அவற்றின் பெறுமதி. 1956 இன் முடிவில், உடல் வேதனையின் நடுவே விளங்காத ஓர் ஆனந்தம் தம்மை ஆட்கொண்டதென்றும், தாம் கடவுளுக்கு அண்மையில் வந்ததாக உணர்வதாகவும் எழுதினார். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அவரை ஒரு புனிதவதியாக்கிப் படம் மாட்டிவிடலாம். சில மாதங்களுள், 1957 இன் தொடக்கத்தில், அமெரிக்க நண்பர் தம்பதியருக்கு எழுதிய கடிதத்தில் வேறு குரல் கேட்கின்றது. விசுவாசத்தைப் பற்றிப் பிடிக்க முயல்வதாகவும், அது தமக்குக் கடினமாக இருப்பதாகவும், வாழ்க்கை இன்பமாகத் தொடங்கும் வேளையில் இப்படி நேர்வது காரணமற்ற கொடுமையாகத் தோன்றுவதாகவும் ஒளிக்காமற் கூறிவிட்டார். அச்சத்தைப் பற்றி அத்துணை உறுதியாக எழுதியவர் இப்பொழுது அச்சத்தின் நடுவே நின்றார்.

இதனை விசுவாசக் குறைவு என்று சொல்வாரும் உளர். வேதாகமத்தைப் படித்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சங்கீத நூலைத் திறந்து பார்க்க. நூற்றைம்பது பாடல்களுள் முறையீடுகளாய் அமைந்தவை எத்துணை! பெரும்பாலானவை கண்ணீரிலே தொடங்கித் துதியிலே முடியும். எண்பத்தெட்டாம் சங்கீதமோ அப்படி முடிவதில்லை. தொடங்கிய இருளிலேயே நின்றுவிடுகின்றது. அதனையும் நீக்காமற் காத்து வைத்தவர்கள் யூதர்கள். இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதலடியையே இயேசுநாதர் சிலுவையிற் சொன்னார் என்று சுவிசேஷம் கூறும். யோபுவின் கதையிலும், கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்களைக் கடவுள் கடிந்துகொண்டார். எதிர்நின்று நியாயம் கேட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்றார். ஜோய் அம்மையார் பிறந்த மரபு இதுவே. திருமுறை பயின்ற நம்மவர்க்கும் இது விளங்காததன்று. கண்ணிழந்த சுந்தரர் இறைவனிடம் போய் எப்படி நின்றார் என்பதை நினைத்துக்கொண்டால் போதும். தோழமை உள்ள இடத்தில் வழக்குக்கும் இடமுண்டு.

1957 மார்ச்சு மாதத்தில் அவர் சேர்ச்சில் வைத்தியசாலையில் இருந்தார். பிழைப்பார் என்று எவரும் நம்பவில்லை. லூயிஸின் உள்ளம் இதற்குள் மாறியிருந்தது. உதவியாகத் தொடங்கியது அன்பாகிவிட்டது. முந்திய டிசம்பரிலேயே திருமணத்தைப் பத்திரிகையில் அறிவித்திருந்தார். இருவரும் திருச்சபையின் முறைப்படி மணக்க விரும்பினர். மணமுறிவு பெற்றவருக்கு மறுமணம் செய்விக்கத் திருச்சபையில் விதியில்லை என்று ஒக்ஸ்போர்ட் பேராயர் மறுத்துவிட்டார். கிரெஷம் அம்மையாரை மணப்பதற்கு முன்பே வேறொரு பெண்ணை மணந்து பிரிந்தவராகலின் அம்மணம் திருச்சபையின் கண்ணில் மணமே அன்று என்பது லூயிஸின் வாதம். அது ஏற்கப்படவில்லை.

லூயிஸின் பழைய மாணாக்கர் ஒருவர் பீற்றர் பைட் என்னும் குரு. அவர் செபித்தபோது நோயாளர் குணமடைந்தமை பற்றிக் கேள்விப்பட்டிருந்த லூயிஸ், ஜோயின் தலைமீது கைவைத்துச் செபிக்குமாறு அவரை வரவழைத்தார். வந்த இடத்தில், மணத்தையும் நடத்தி வைக்க இயலுமா என்று கேட்டார். பைட் தனியே சென்று சிந்தித்தார். மறுப்பதற்கு விதி இருந்தது. மறுக்காமைக்கு, மரணத்தறுவாயில் ஒரு பெண் கேட்கின்றாள் என்பதொன்றே காரணம். மார்ச்சு 21 ஆம் நாள் கட்டிலருகில், லூயிஸின் தமையனார் வாறனும் வைத்தியசாலைத் தாதி ஒருவரும் சாட்சியாக நிற்க, திருமணமும் திருவிருந்தும் நடந்தன. பைட் நோயாளியின்மீது கைவைத்துச் செபித்தார்.

ஏப்பிரிலில் அம்மையாரை இறப்பதற்கென்றே வீட்டுக்குக் கொண்டுவந்தனர். அவர் இறக்கவில்லை. வலி தணிந்தது. என்பு கூடத் தொடங்கியது. 1957 முடிவதற்குள் கைத்தடி ஊன்றி நடந்தார். ஒரு கால் குறுகிவிட்டமையால் அதற்கென உயர்த்திய சப்பாத்து அணிந்தார். புறா சுடவும், அத்துமீறித் தோட்டத்துட் புகுவோரைத் துப்பாக்கி காட்டி விரட்டவும் அவருக்கு வலிமை வந்தது! பல்லாண்டாகக் கவனிப்பாரின்றிக் கிடந்த அவ்வீட்டைப் பழுதுபார்த்து வர்ணம் பூசுவித்தார். 1958 இல் இருவரும் விமானமேறி அயர்லாந்து சென்று வந்தனர்.

இதனை அற்புதம் என்பதா, சிகிச்சையின் பயன் என்பதா? சூலகத்தை அகற்றியபின் இத்தகைய புற்று சில ஆண்டுகள் அடங்கிக் கிடப்பதுண்டு என்பது வைத்தியம் அறிந்த செய்தி. கதிர் பட்ட என்பு மீளத் திடமாவதும் உண்டு. லூயிஸ் இதனை அறியாதவர் அல்லர். 1959 இல் செபத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பெயர் சுட்டாமல் இந்நோயாளியின் கதையைக் கூறி, இதனாற் செபத்தின் ஆற்றலை எவருக்கும் நிரூபிக்க முடியாது என்றே ஒப்புக்கொண்டார். கேட்டது கிடைத்தமை ஒரு விதிக்குச் சான்றாகாது. கேட்டதும் கேட்கப்பட்டதும் ஓர் உறவின் செயல்கள் என்பது அவர் நிலை. இவ்விடத்தில் ஒரு விந்தையையும் சொல்லவேண்டும். அம்மையாரின் என்பு கல்சியத்தைப் பெற்றுக்கொண்டிருந்த மாதங்களில் லூயிஸின் என்புகள் அதனை இழந்து நலிந்தன. மனைவியின் வலியைத் தாம் ஏற்றுக்கொள்ளுமாறு அவர் வேண்டியிருந்தார். அவ்வேண்டுதல் நிறைவேறியதாக நண்பர் ஒருவரிடம் சொன்னார். வைத்தியர் இதற்குத் தொடர்பு காணார். நானும் வற்புறுத்தமாட்டேன். அவர்கள் இருவரும் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் காட்டவே குறித்தேன்.

இந்த ஆண்டுகளில் அவ்வீட்டில் எழுந்த நூல்களுள் ஒன்று சங்கீதங்களைப் பற்றியது. 1958 இல் வெளிவந்த அந்நூலிலே, பகைவரைச் சபிக்கும் கொடிய பாடல்களையும் லூயிஸ் ஒதுக்கிவிடாமல் எடுத்து ஆராய்ந்தார். கட்டளையில் இன்புறுதல் என்னும் யூத உணர்வை அவர் விளக்கும் பகுதியைப் படிக்கும்போது, 'மலையின்மேற் புகை'யின் ஆசிரியர் பக்கத்து அறையில் இருந்தார் என்பதை மறக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு, ஆங்கிலத் திருச்சபையின் சங்கீத மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவில் அவர் கவிஞர் ரி. எஸ். எலியட்டுடன் அமர்ந்தார். வீட்டில் நோய்; வெளியே நோயின் மொழியை ஓசை குன்றாமற் செப்பனிடும் வேலை.

1959 ஒக்டோபரில் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது நோய் மீண்டும் பல என்புகளில் தோன்றியிருப்பது தெரிந்தது. முதல் தீர்ப்பைவிட இது கொடியது. அப்பொழுது கேட்பதற்கு ஒன்று இருந்தது; அது தரப்பட்டது; இப்பொழுது தந்தது திரும்பப் பெறப்படுகின்றது. லூயிஸுக்கு இதில் ஒரு பழைய புண்ணும் இருந்தது. ஒன்பது வயதில், 1908 இல், தாயார் புற்றுநோயாற் கிடந்தபோது அவர் பிழைக்க வேண்டுமென்று செபித்த சிறுவன் அவர், தாயார் பிழைக்கவில்லை. தந்தையாரையும் 1929 இல் அந்நோயே கொண்டுபோயிற்று.

அம்மையார் செய்தது என்ன? கிரேக்க நாட்டைப் பார்க்கவேண்டும் என்றார். சிறுவயது முதல் கனவு கண்ட நாடு. வைத்தியர்கள் விரும்பவில்லை, முதலாம் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்றதன் பின் லூயிஸ் அயர்லாந்துக்கன்றிக் கடல் கடந்து வேறு நாட்டுக்குச் சென்றவர் அல்லர். 1960 ஏப்பிரிலில் நண்பர் ரோஜர் லான்சலின் கிறீன் தம்பதியருடன் இருவரும் புறப்பட்டனர். என்பெல்லாம் புற்று அரித்த அப்பெண்மணி அதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் ஏறினார். மைசீனேயின் சிங்க வாயிலைக் கண்டார். ரோட்ஸுக்கும் கிரீற்றுக்கும் சென்றார். நல்ல திராட்சை மதுவும் அருந்தினார். வலி இல்லாமல் இல்லை. இந்தப் பயணத்தை விசுவாசத்தோடு தொடர்பற்ற உல்லாசம் என்று நான் கொள்ளவில்லை. பாதுகாப்பை மட்டும் தேடுவது அன்பு அன்று என்று எழுதியவர், எழுதியதைச் செய்து காட்டினார் என்றே கொள்கின்றேன்.

மே 20 ஆம் நாள் மீண்டும் ஒரு சத்திரசிகிச்சை. யூன் மாதத்தில் முடிவு வந்துவிட்டதென எண்ணினர். மீண்டு வீடு வந்தார். யூலை தொடக்கத்திற் கணவருடன் வெளியே சென்று விருந்துண்டார். 13 ஆம் நாள் காலை வேதனை பொறுக்கமாட்டாது அலறினார். ராட்கிளிப் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். ஒஸ்டின் பாரரிடம் பாவமன்னிப்புப் பெற்றார். தம் இறுதிச் சடங்கை அவரே நடத்தவேண்டும் என்றார். தமக்குக் கடவுளோடு சமாதானம் என்று அங்கிருந்த குருவிடம் தெரிவித்தார். அன்றிரவு உயிர் நீங்கியது. வயது நாற்பத்தைந்து.

சமாதானம் என்னும் அச்சொல்லை அவர் எளிதிற் பெறவில்லை. வழக்காடிப் பெற்றதாகலின் நான் அதனை நம்புகின்றேன். அவ்வழக்கைப் பின்னர் தொடர்ந்தவர் கணவர். மனைவி இறந்த நாள்களில் அவர் எழுதிய குறிப்புகள் 1961 இல் புனைபெயருடன் நூலாயின. வலியின் பிரச்சினைக்கு 1940 இல் ஒழுங்கான விடை எழுதியிருந்த அவரே, இப்பொழுது கடவுளைக் கொடியவரோ என்று கேட்டு, கேட்டதை மறுபடி ஆராய்ந்து, சினந்து, தணிந்து எழுதினார். ஆசிரியர் யார் என்றறியாத நண்பர் சிலர், ஆறுதல் அளிக்குமென்று அந்நூலை அவருக்கே வாங்கிக் கொடுத்தனராம்.

லூயிஸ் 1963 நவம்பர் 22 ஆம் நாள் மறைந்தார். அதுவரை பிள்ளைகள் இருவரையும் அவரே வளர்த்தார். இளையவர் கிறிஸ்தவராகவே வளர்ந்தார். மூத்தவரோ தாயின் முன்னோர் நெறியாகிய யூத சமயத்தை நாடினார். அவருக்கென லூயிஸ் புதிய சமையற் பாத்திரங்கள் வாங்கி, யூத விதிக்கு அமைந்த உணவையும் ஒக்ஸ்போர்ட் சந்தைக் கடையிலிருந்து தருவித்துக் கொடுத்தார்.